அணியா, பொருளா?

ஆங்கில இயற்கைப் பாட்டுக்கு உரைவகுக்கப் புகுவோர் பலரைப் பற்றிய நோய் ஒன்றுண்டு. மலர்கள் ஆடின என்று வேர்ட்சுவொர்த்து பாடினால் போதும். 'தற்குறிப்பேற்ற அணி' என்று பெயர் சூட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவர். பெயரிட்டுவிட்டால் பொருள் கண்டதாகுமா? அணி என்னும் சொல்லே இவர்களைக் கெடுத்தது. கழற்றி வைக்கத்தக்க நகை என்றே கருதிவிட்டனர்!

1802ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், அல்சுவாட்டர் ஏரிக்கரையில் அண்ணனோடு நடந்த தங்கை தொரோதி, ஆங்கே கண்ட தாப்பொடில் என்னும் மஞ்சள் மலர்களைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவை ஆடினவாம், காற்றோடு சிரிப்பன போன்றிருந்தனவாம், சில, கல்லில் தலைசாய்த்து இளைப்பாறினவாம். நாட்குறிப்பில் யாப்பேது? ஒப்பனை யாருக்கு? கண்டபடியே எழுதினார்.

அண்ணனின் பாட்டு 1807இல்தான் அச்சேறியது. அதில் தங்கையைக் காணோம்! தனித்தலையும் முகிலுக்குத் தம்மை ஒப்பிட்டார் பாவலர். கூட்டமாய் ஆடும் மலர்கள் போக்கவேண்டிய தனிமை அது. அவ்வுவமையை நீக்கிப் பார்க்கட்டும். பாட்டில் எஞ்சுவது என்ன?

கருத்துகளை ஆளாக்கிப் பேசுவதைத் தம் பாக்களில் பெரிதும் தவிர்த்ததாக 1800ஆம் ஆண்டு முன்னுரையில் எழுதியவர் அவர். அத்தகையவரா ஒப்பனைக்கு மலரை ஆடவிட்டார்?

உயிரிலாப் பொருள்மேல் மாந்த உணர்வை ஏற்றுவதை, உணர்ச்சி மயக்கத்தால் நேரும் பிழை என்று 1856இல் இரசுகின் எழுதினார். இவ்வுரைகாரர் அதையும் துணைக்கழைப்பர். அங்ஙனமாயின், பாட்டெழுத அமராத தொரோதியின் கண்ணும் பிழையா?

அகக்கண்ணைப் பற்றிய இரண்டடிகள் தம் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்சுவொர்த்தே கூறினார். பாட்டில் சிறந்தவை அவையே என்றும் சொன்னார். அவற்றுக்கு எந்த அணியின் பெயரை ஒட்டப்போகிறார்கள்?