கல்லூரிக்கு வெளியே ஒரு கல்லூரி

திரவியம் தேடிக் கடல் கடந்தோரின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம். ஆனால், செல்வச் செழிப்பு மிக்க அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கல்வி கற்கச் செல்வோரும் உளர். தம் நாட்டிலேயே புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல இருக்க, இவர்கள் எதனைத் தேடிச் செல்கின்றனர்?

இவ்வழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிவிட்டது. 1923ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டெலவேர் பல்கலைக்கழக மாணவர் எண்மர் ரேமண்ட் கேர்க்பிரைட் என்னும் பேராசிரியருடன் பிரான்சு தேசத்துக்குக் கப்பலேறினர். அப்பேராசிரியர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சிலே பணி புரிந்தவர். பிறநாட்டாரோடு கூடி வாழ்ந்தால் நாடுகளிடையே நல்லெண்ணம் வளரும் என்று நம்பியவர். மாணவர்கள் முதலில் நான்சி நகரில் மொழி பயின்றனர். பின்னர் பாரிஸ் சென்று சோர்போனிலே கற்றனர். தங்கியதோ பிரெஞ்சுக் குடும்பங்களின் இல்லங்களில்.

இன்று ஜேர்மனிக்குச் செல்லும் ஓர் அமெரிக்க மாணவியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, சமையற் சாமான் வாங்கப் பையுடன் புறப்படுகின்றாள். கடைகள் யாவும் மூடிக் கிடக்கின்றன. இரவு பகலாகக் கடைகள் திறந்திருக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு இது பெருவியப்பு. ஞாயிறு ஓய்வுநாள் என்பதை 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதி வைத்து, இன்றுவரை காத்து வரும் நாடு அது. பெரிய புகையிரத நிலையங்களிலுள்ள கடைகள் போன்ற சிலவற்றுக்கே விலக்குண்டு. அடுத்த வாரம் சனிக்கிழமையே கடைக்குச் செல்ல அவள் கற்றுக்கொள்கின்றாள். குடித்து முடித்த பிளாஸ்டிக் போத்தலை வீசாது கடைக்குத் திருப்பிக் கொடுத்தால், முற்பணமாகக் கட்டிய 25 சதம் மீளக் கிடைக்கும் என்பதையும் அறிகின்றாள்.

பல்கலைக்கழகத்திலும் புதுமைகள் காத்திருக்கின்றன. பத்து மணி என்று குறித்த விரிவுரை பத்தேகாலுக்கே தொடங்குகின்றது. அக்கால் மணி நேரம் பழைய மரபு. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை. விரல் மொழிகளால் மேசையைத் தட்டுகின்றனர். அவள் நாட்டில் 4 என்பது முதன்மைத் தரம். இங்கோ 1 தான் சிறந்தது. 4 என்பது மயிரிழையில் தப்பிய சித்தி.

இவை யாவும் சில வாரங்களில் பழகிவிடும். பழகாதது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் மன்னரையும் மழலையையும் ஒரே சொல்லால் விளிக்கலாம். ஜேர்மன் மொழியில் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. தமிழ்ப் பிள்ளைகள் தாய்மடியிலேயே கற்றுவிடும் இவ்வேற்றுமையை அவள் இருபது வயதில் கற்க வேண்டும். முதிய பேராசிரியரை 'நீ' என்று விளித்துவிட்டு முகஞ் சிவந்து நிற்கின்றாள். தன் நாட்டில் சொல்வன்மை மிக்கவள், இங்கே பாண் கேட்பதற்கும் சொற்களைக் கோத்துப் பார்க்க வேண்டியவளாகின்றாள். மீண்டும் குழந்தையாகும் இந்நிலை கசப்பானது.

அக்கசப்புக்கு அஞ்சி ஓடி ஒளிய இடமுண்டு. 1923இல் சென்றோருக்கு வீட்டுச் செய்தி கப்பலேறித்தான் வந்தது. இன்றோ வீடு முழுவதும் கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றது. மாலை முழுதும் தாயோடு பேசலாம். எஞ்சிய நேரத்தில் சக அமெரிக்கரோடு கூடி ஆங்கிலத்தில் அளவளாவலாம். அவ்வாறே ஓராண்டு கழியும். பெற்றோரின் பணமும் கழியும். மொழி மட்டும் வந்து சேராது.

நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் அமெரிக்கருக்கு நன்றி நவிலும் திருநாள். ஜேர்மனியில் அது வெறும் வேலைநாள். அன்று நம் மாணவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். அல்லது பூசணிக்காயொன்றை வாங்கி, அவித்து மசித்துத் தன் பாட்டியின் பக்குவத்தில் இனிப்புப் பணியாரம் செய்து, அதே சமையலறையைப் பகிரும் அயலறை மாணவரை அழைக்கலாம். பிழையும் திருத்தமுமாக அவள் தன் நாட்டுக் கதையை அவர்கள் மொழியில் சொல்லத் தொடங்கும் அவ்விரவே அவளது உண்மையான முதற் பாடம். கேர்க்பிரைட் நாடியதும் இதுவேயன்றோ?

நம் இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் பிறநாடு செல்கின்றனர். மாணவ நண்பர்களே, பிழையாகப் பேச நாணாதீர்கள். பெற்றோர்களே, ஒருநாள் உங்கள் பிள்ளை, "அம்மா, நண்பர்கள் காத்திருக்கிறார்கள், நாளைக்குப் பேசுகிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டால் மனம் வருந்தாதீர்கள். அன்றுதான் அவன் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றான்.