துணைக்கு வருபவருக்கும் படி உண்டு

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்காக நாம் மறியல் செய்கிறோம், மனு கொடுக்கிறோம். முதல் வாரம் தலைவர்கள் வருகிறார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குச் சோதனை தொடங்குவதே அதன் பிறகுதான். வாய்தாவுக்கு வாய்தா மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டும். போகிற நாளெல்லாம் கூலி போகும். கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு, எதிரியின் உறவினர்கள் நிற்கும் கோர்ட் வாசலைத் தாண்ட வேண்டும். சாட்சிகள் பிறழ்வதற்கு மிரட்டலையே காரணமாகச் சொல்கிறோம். தனியாக அலையும் களைப்புக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளில் 11-வது விதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வர பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு உண்டு. அன்றைய நாளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியும் உண்டு. பெண்ணாக இருந்தால் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். அந்தத் துணைக்கும் செலவு கொடுக்க வேண்டும். அத்தையோ, பக்கத்து வீட்டு அக்காவோ, சங்கத்துத் தோழரோ யாராகவும் இருக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சமூக ஆர்வலர், தொண்டு நிறுவனம், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவதையும் 15ஏ பிரிவு உரிமையாகவே தந்திருக்கிறது. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் வர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

நிவாரணத் தொகையும் ஒரே தவணையில் வருவதில்லை. பாலியல் வல்லுறவு வழக்கில் மருத்துவ அறிக்கை வந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் கால் பங்கு, விசாரணை முடிந்ததும் மீதி. இரண்டாவது தவணை தாமதமானால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவில் எழுப்பலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய குழு அது. கடைசியாக எப்போது கூடியது என்று நம் மாவட்டத்தில் ஒரு மாணவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்டால்கூட நல்ல வேலைதான்.

பேசத் தயங்கும் விஷயம் இன்னொன்று. குற்றம் செய்தவர் நம் தெருவைச் சேர்ந்தவர் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அப்போது மறியலும் நடப்பதில்லை. நாட்டாமைகள் கூடி, “அவனுக்கே கட்டிவை” என்கிறார்கள். சிறுமியாக இருந்தால் போக்சோ உண்டு. அதில் பஞ்சாயத்து பேசி முடிப்பதற்கு இடமே இல்லை. ஊர்க்காரன் செய்தால் வன்கொடுமை, நம்மவன் செய்தால் குடும்ப விவகாரம் என்று பிரிப்பதை நம்மால் ஏற்க முடியவில்லை.

இதன் பாரம் கடைசியில் இளம் தாய்மார்கள் தலையில்தான் விழுகிறது. 18 வயதுக்குள் கர்ப்பமான பெண் ஆரம்ப சுகாதார நிலையம் போனால் போலீசுக்குத் தகவல் போகும் என்று குடும்பம் பயப்படுகிறது. பயம் பொய்யல்ல, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால் பிக்மி எண்ணே வாங்காமல் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இரத்த சோகையைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் அது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியான 18,000 ரூபாய்க்கும் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது நோக்கமாக இருக்கலாம். ஆனால் வன்முறையால் தாயான 16 வயதுப் பெண்ணையும் அது வெளியே நிறுத்துகிறது. அவருக்காவது விதிவிலக்கு தர வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

அதுவரை செய்யக்கூடியவை தெருவிலேயே இருக்கின்றன. அங்கன்வாடி சத்துமாவுக்கு அந்த வயது வரம்பு இல்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப்போக ஒரு பெண் போதும். மகளிர் குழுவில் நான்கு பேர் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அந்தத் தாய் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் போடாமலிருப்பது பெரிய உதவி. போட்டால் அது குற்றமும்கூட. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, வன்கொடுமைப் புகாருக்கு 14566. இந்த மூன்று எண்களையும் காலனி ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும்.