தவணை தவறும் பணம்

கானாவில் ஒன்பதாம் ஆண்டுப் படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். அதில் தேறி, மேல்நிலைப் பள்ளியில் இடமும் கிடைத்து, கட்டணம் கட்ட வழியில்லாமல் வீட்டோடு நின்றுபோனவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட 2,064 பேரை எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, மைக்கேல் கிரேமர் ஆகிய பொருளியலாளர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் அவர்களில் 682 பேருக்குக் குலுக்கல் முறையில் உதவித்தொகை கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் இரு தரப்பாரையும் தொடர்ந்து விசாரித்தார்கள். உதவி பெற்றவர்களில் பள்ளியை முடித்தவர்கள் மிக அதிகம். உதவி பெற்ற பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். பின்னர் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் சிறுவயதிலேயே இறந்தவர்கள் குறைவு.

ஆகவே, மேல்நிலைக் கல்விக்கு ஓர் ஏழை நாடு பணம் செலவழிக்கலாமா என்ற கேள்விக்கு கானாவிலேயே விடை இருக்கிறது. மேல்நிலைக் கல்வியைப் படிப்படியாக இலவசமாக்க வேண்டும் என்று அந்நாட்டின் 1992 அரசியல் சட்டமும் சொல்கிறது. 2017 செப்டம்பரில் அப்போதைய அதிபர் அகுஃபோ-அடோவின் அரசு அதைச் செய்யத் தொடங்கியது. சேர்க்கைக் கட்டணம், பாடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைக்கும் ஒருவேளைச் சூடான சாப்பாடு உண்டு. சுமார் 8 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 12 லட்சத்தை எட்டியது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் வந்தவர்களை உட்காரவைக்க இடம் இல்லை. 2018-இல் சுமார் 1,80,000 இடங்களுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. ஏறக்குறைய 400 பள்ளிகளில் மாணவர்களைப் பச்சை, தங்கம் என இரண்டு அணிகளாகப் பிரித்தார்கள். ஓர் அணி பள்ளியில் இருக்கும்போது மற்றது வீட்டில். வசதியுள்ள பெற்றோர் அந்த வாரங்களில் டியூஷன் வைத்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் வயலுக்கோ சந்தைக்கோ போனார்கள். இதில் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அகுஃபோ-அடோவுக்கு முன் அதிபராக இருந்த மஹாமா ஊர்ப்புறங்களில் 200 பகல்நேர மேல்நிலைப் பள்ளிகள் கட்டுவதாக அறிவித்திருந்தார். ஆட்சி மாறியபோது அவற்றில் பல அரைகுறையாக நின்றன. இடமில்லை என்று பிள்ளைகளை முறைவைத்து வரச்சொன்ன அதே ஆண்டுகளில் அந்தச் சுவர்களில் புதர் ஏறிக்கொண்டிருந்தது.

பணத்தின் கதை இதைவிட மோசம். கெட்ஃபண்ட் என்று அங்கே எல்லோரும் சொல்லும் கல்வி அறக்கட்டளை நிதி 2000-இல் சட்டமாக வந்தது. அதன்படி மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கு கல்விக்கென்றே ஒதுக்கப்பட்டது. இலவசக் கல்வி தொடங்கிய அதே 2017-இல், இப்படி ஒதுக்கிய நிதிகளுக்கெல்லாம் உச்சவரம்பு வைத்து இன்னொரு சட்டம் வந்தது. கல்வி வரி என்று மக்கள் கட்டியதில் ஒரு பகுதி பொதுக் கணக்குக்குத் திரும்பியது. இலவசக் கல்விக்குப் பெட்ரோலிய வருமானத்தை நம்பினார்கள். பள்ளிக்கூடம் கட்டியிருக்க வேண்டிய எண்ணெய்க் காசு அன்றாடச் சாப்பாட்டுச் செலவில் கரைந்தது.

அந்தச் சாப்பாடும் நேரத்துக்கு வரவில்லை. அரிசி, பீன்ஸ், எண்ணெய் எல்லாவற்றையும் தேசிய உணவு இருப்பு நிறுவனத்தின் வழியாக வாங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். 2023-இல் பாக்கி வராத வியாபாரிகள் அக்ராவில் அந்த நிறுவனத்தின் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். கடன் வாங்கிச் சரக்கு அனுப்பியவர்கள் அவர்கள். தலைமையாசிரியர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பெற்றோரிடம் காசு வாங்கக் கூடாது என்று உத்தரவு. அரசின் பணமோ பருவம் பாதி கடந்தும் வராது. களஞ்சியத்தில் மூட்டை குறையக் குறையக் கடைக்காரரிடம் கடன் சொல்வதைத் தவிர அவர்கள் என்ன செய்ய முடியும்? விடுதிக்குப் போகும் பிள்ளை கையோடு கொண்டுபோகும் மரப்பெட்டிக்கு 'சாப் பாக்ஸ்' என்று பெயர். மரவள்ளியை வறுத்துச் செய்த காரி மாவு, ஷிட்டோ என்னும் மிளகாய்த் தொக்கு, சர்க்கரை, டின் மீன் எல்லாம் அதற்குள் இருக்கும். விடுதிச் சாப்பாடு குறையும்போது அந்தப் பெட்டிதான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது. பெட்டியை நிரப்புவது தாயின் காசு. மெத்தை, வாளி, புல் வெட்டக் கத்தி என்று பள்ளி தரும் பட்டியலும் அவள் தலையில்தான் விழுகிறது.

2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைத்தது. அடுத்த மே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. இலவசக் கல்வி இலக்கில்லாமல் எல்லோருக்கும் போகிறது என்பது நிதியத்தின் குறை. பணக்காரர் பிள்ளைகளும் இதில் பயன் பெறுகிறார்கள் என்பது உண்மையே. அச்சிமோட்டா போன்ற பேர்பெற்ற பள்ளிகளில் 30 சதவீத இடங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வேண்டியிருந்ததே அதற்குச் சாட்சி. அதற்காக ஏழை யார் என்று சான்றிதழ் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும்? பெரும்பாலோர் சம்பளச் சீட்டே பார்த்திராத நாடு அது. கோக்கோ தோட்டத்துத் தகப்பன் தன் வறுமையை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அலைய முடியாதவரின் மகள் பழையபடி வீட்டோடு நிற்பாள். பணக்காரரிடம் வாங்க வேண்டியதை வரியாக வாங்கட்டும். பள்ளி வாசலில் வாங்க வேண்டாம்.

மாற வேண்டியது செலவு செய்யும் விதம். மேல்நிலைக் கல்விச் செலவில் கணிசமான பகுதியை விடுதி விழுங்குகிறது. நடந்துபோகும் தூரத்தில் நல்ல பகல்நேரப் பள்ளி இருந்தால் பல குடும்பங்கள் விடுதியைத் தேடா. 2025 மார்ச்சில், மீண்டும் அதிபரான மஹாமாவின் புதிய அரசு தன் முதல் பட்ஜெட்டில் கெட்ஃபண்டின் உச்சவரம்பை நீக்கி, இலவச மேல்நிலைக் கல்விக்கு அதிலிருந்து 350 கோடி செடி (கானாவின் நாணயம்) ஒதுக்கியது. நல்ல முடிவு. அந்தப் பணம் பருவம் தொடங்குமுன் பள்ளிக் கணக்கில் விழுந்ததா, பாதியில் நின்ற பகல்நேரப் பள்ளிகளுக்குக் கூரை ஏறியதா என்பதை கானாவின் நாடாளுமன்றம் ஒவ்வொரு பருவமும் கேட்க வேண்டும். நிதியமைச்சர் தேதியோடு பதில் சொல்ல வேண்டும்.