கரிக்கணக்கும் திருப்பூர்ச் சிறு முதலாளியும்

திருப்பூரில் இருபது முப்பது தையல் யந்திரங்களை வைத்துக்கொண்டு கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு முதலாளிமாரை ஒரு புதிய கவலை பிடித்திருக்கிறது. "உங்கள் தொழிற்சாலை எவ்வளவு கரியமிலவாயுவை வெளியிடுகிறது? எந்த ஆண்டுக்குள் அதை இல்லாமற் செய்வீர்கள்?" என்று ஐரோப்பிய வியாபாரிகள் கேள்வித்தாள்களை அனுப்புகிறார்கள். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் அவற்றை அப்படியே கீழே தள்ளிவிடுகிறார்கள். கூலி முன்போலவே இருக்கிறது. கேள்விகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

"நூற்றைம்பது வருஷம் நிலக்கரியை எரித்துச் செல்வம் குவித்தவர்களா இன்று நமக்கு உபதேசம் செய்வது?" என்று நமது நண்பர்கள் சிலர் கோபிக்கிறார்கள். கோபம் நியாயமானதே. லங்காஷயர் ஆலைகளின் புகைக்கு அந்நாளில் எவரும் ரசீது கேட்கவில்லை. ஆயினும் வானத்தில் சேர்ந்துவிட்ட வாயு நாட்டுக்கு நாடு பேதம் பாராட்டுவதில்லை. அதன் வெம்மையைத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து தைக்கும் நமது பெண்மக்களே முதலில் அனுபவிக்கிறார்கள். ஆகையால், நமது நலத்துக்காகவே இக்காரியத்தில் இறங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அன்னியன் கேட்டான் என்பதற்காக அன்று.

முதலாவது கணக்கு. 'கார்பன் நியூட்ரல்' என்று மேனாட்டார் கூறும் கரிச் சமநிலையை ஏதோ பெரிய சாஸ்திரம் என்று நினைத்து அஞ்ச வேண்டாம். மாதம் 2,000 யூனிட் மின்சாரம் செலவிடும் ஒரு தையற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படுகிறது. ஆண்டுக்கு 24,000 யூனிட்டுக்குச் சுமார் 17 டன் ஆயிற்று. மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு மாதம் 60 லிட்டர் டீசல் ஊற்றினால், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் ஆண்டுக்கு 2 டன் சேரும். ஆக 19 டன். மின்சார பில்லும் டீசல் ரசீதும் கையிலிருந்தால் ஒரு குமாஸ்தா அரை நாளில் போடக்கூடிய கணக்கு இது. இதற்காக ஆலோசகருக்குப் பெருந்தொகை கொடுப்பது வீண்.

அடுத்தது குறைப்பு. கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் நாள் முழுதும் சுழன்றுகொண்டிருக்கும் பழைய கிளட்ச் மோட்டாரை நீக்கி, தைக்கும்போது மாத்திரம் சுழலும் சர்வோ மோட்டாரைப் பொருத்தலாம். 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் விசிறி கடைகளிலேயே கிடைக்கிறது. கம்ப்ரஸர் குழாய்களின் ஓட்டைகளை அடைக்கச் செலவு அற்பம். இவற்றால் நமது தையற்கூடம் காற்பங்கு மின்சாரத்தை மிச்சம் பிடித்தது என்று கொள்வோம். மீதம் 18,000 யூனிட். பிறகு கூரையில் சுமார் 1,000 சதுர அடியில் 10 கிலோவாட் சூரியத் தகடுகளைப் பதித்தால், கொங்கு நாட்டு வெயிலில் ஆண்டுக்கு 14,000 யூனிட் வரை கிடைக்கும். 19 டன் கணக்கு 5 டன்னுக்கு இறங்கிவிடுகிறது. சாந்திப் பத்திரம் எதையும் விலைக்கு வாங்காமலே முக்காற்பங்கு காரியம் முடிந்தது. மின்சாரச் செலவும் குறைந்தது.

சாயப்பட்டறைகளின் நிலைமை வேறு. அதைச் சொல்லும்போது நொய்யலை நினையாமல் இருக்க முடியாது. சாயக் கழிவு நதியைக் கெடுத்தது; ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாமற்போயிற்று; குடியானவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள்; 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவால் நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. அதன்பின், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதபடி நீரைச் சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கும் முறை வேரூன்றிற்று. இது திருப்பூருக்குப் பெருமை. ஆனால் எஞ்சும் உப்பு நீரைச் சுண்டக் காய்ச்ச நீராவியும் மின்சாரமும் ஏராளமாக வேண்டியிருக்கின்றன. நதியைக் காக்கப் புகையைக் கூட்ட நேர்ந்தது! கரிக்கணக்கு கேட்கும் வியாபாரி இந்தத் தியாகத்தை எந்தப் பத்தியில் எழுதிக்கொள்கிறான்? நதிக்காக எரிந்த விறகையும் லாபத்துக்காக எரிந்த நிலக்கரியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காற்றாலை மின்சாரத்தை மலிவாகத் தருவதே இதற்குப் பரிகாரம். பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் சுழல்வதைக் கண்ணாரக் காண்கிறோம். பெரிய ஆலைக்காரர் சொந்தமாகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். சிறியவர்கள் கூட்டுறவு முறையில் பங்கு கொள்ள வழி செய்ய வேண்டும்.

இனி, மிஞ்சும் 5 டன்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கோ ஒரு காட்டைக் காப்பதாகச் சொல்லிப் பத்திரம் விற்கும் தரகர்கள் பலர் கிளம்பியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகை, இத்தகைய மழைக்காட்டுப் பத்திரங்களில் பெரும்பாலானவை வெற்றுக் காகிதம் என்று எழுதிற்று. அவற்றுக்கு முத்திரை வைத்த வெர்ரா ஸ்தாபனம் அதை மறுத்தது. எது எவ்வாறாயினும், ஐரோப்பிய யூனியன் 2024-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறது. பத்திரம் வாங்கியதை மாத்திரம் ஆதாரமாகக் காட்டி ஒரு சரக்கைக் 'கார்பன் நியூட்ரல்' என்று விளம்பரம் செய்வதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் தடை என்பது அதன் விதி.  ஆகவே மிஞ்சியதை மிஞ்சியதாகவே கணக்கில் காட்டிவிட்டு, ஆண்டுதோறும் குறைத்து வருவதே நேரிய வழி.

துணிக்கும் எல்லைக் கரிவரி வந்துவிட்டதென்று சிலர் பயமுறுத்துவதையும் நம்ப வேண்டாம். 2023-ல் ஐரோப்பியர் இயற்றிய அவ்வரி விதி இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றையே குறிப்பிட்டது. அந்த ஜாபிதாவில் ஆடை இல்லை.

மற்றொன்று. பஞ்சு விளைவிப்பது, நூல் நூற்பது, சாயம் தோய்ப்பது ஆகியவற்றின் புகை முழுவதையும் கூலிக்குத் தைப்பவன் தலையில் கட்டுவது அக்கிரமம். துணி அவனுடையதன்று, விலை சொல்லும் உரிமையும் அவனிடம் இல்லை. தன் கூரையின் கீழ் எரிவதற்கும், தான் வாங்கும் மின்சாரத்துக்கும் அவன் பொறுப்பாளி. எஞ்சியது சரக்குக்குச் சொந்தக்காரனைச் சேர்ந்தது.

சர்க்காரும் பாங்கிகளும் செய்ய வேண்டியது சொற்பமே: ஈடு காட்ட வகையற்ற சிறு தொழிலாளிக்குச் சூரியத் தகட்டையே ஈடாகக் கொண்டு குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும். வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்துகிறவர்களுக்குக் கூரையும் சொந்தமில்லை என்பதை மறவாமல் திட்டம் வகுக்கட்டும். திருப்பூர் முதலாளிமாரின் சங்கங்களுக்கும் ஒரு யோசனை கூறுவோம். தனித்தனியே பதில் எழுதுவதை நிறுத்தி, எல்லோருக்கும் பொதுவான ஒரே கணக்குப் படிவத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வித்தாள் வரும்போது பதிலோடு, புதிய மோட்டாருக்கும் தகட்டுக்கும் ஆன செலவின் ஜாபிதாவையும், உருப்படிக்கு இவ்வளவு கூலி உயர வேண்டும் என்ற கோரிக்கையையும் ஒரே உறையில் வைத்து அனுப்புங்கள்.