நாடி பார்க்கத் தெரியுமா?

“நெஞ்சு படபடன்னு வருதும்மா” என்று மாமியார் சொல்லும்போதெல்லாம், வாயுதான் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. பக்கவாதம்! வலது கை இன்னும் சரியாகவில்லை.

இதயம் தாளம் தப்பித் துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகுமாம். அது மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளுமாம். டாக்டர்கள் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார்கள். உலகில் 5 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது. பக்கவாத அபாயமோ சுமார் 5 மடங்கு! பலருக்குப் படபடப்புகூடத் தெரியாது.

சகோதரிகளே, வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாறுமாறாக ஓடினால் தாமதிக்காமல் ஈ.சி.ஜி. எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. கஷாயம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!