பணப்பெட்டியா, பாராளுமன்றக் குரலா?

பாராளுமன்றத் தேர்தல் நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு பேச்சு எழுவது வழக்கம். இருக்கும் அங்கத்தவர் எதையும் சாதிக்கவில்லையாம். நம் வர்த்தகர் ஒருவரை அனுப்பினால் சொந்தப் பணத்திலேயே செய்து காட்டுவாராம்!

வர்த்தகர் அரசியலுக்கு வரலாகாது என்று நாம் கூறவில்லை. வணிகத்தில் உயர்ந்த தியாகராஜா மகேஸ்வரன் 2000இல் யாழ்ப்பாணத்திலும் 2004இல் கொழும்பிலும் தெரிவானார். 2007 டிசம்பரில் வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அவரது பாதுகாப்புக் குறைக்கப்பட்டது. 2008 ஜனவரி 1ஆம் நாள் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் அவரை நினைப்பது அவர் பணத்துக்காகவா? துணிவுக்காக அன்றோ!

அத்துணிவு எல்லா வர்த்தகருக்கும் வாய்ப்பதில்லை. இறக்குமதி அனுமதி, ஒப்பந்தம், வரி, வங்கிக் கடன் என்று ஆட்சியாளர் தயவை நாடி நிற்கும் தொழிலுடையார், அதே ஆட்சியாளரை எதிர்த்து எங்ஙனம் வாய் திறப்பார்? கட்சி மாறி வழுவியோரும் உண்டு. 2010இல் எதிர்க்கட்சிப் பட்டியலில் கொழும்பில் வென்ற பிரபா கணேசன், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அரசாங்கத்தின் பக்கம் சென்றார். நாம் அளித்த வாக்கு எங்கோ போய்ச் சேர்ந்தது.

இது கொழும்பார் கவலை மட்டுமன்று. 2007 ஜூன் 7ஆம் நாள் பொலிசார் தலைநகரின் விடுதிகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினர். வைத்தியத்துக்கும் வேலைக்கும் வந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளும் அத்தகைய விடுதிகளிலே தங்குவோரன்றோ? மறுநாள் அதனைத் தடுத்தது உயர் நீதிமன்றத்தின் கட்டளையேயன்றி எவருடைய பணப்பெட்டியுமன்று.

1989 முதல் நடைமுறையிலுள்ள விருப்பு வாக்கு முறையில், புதியவரின் முதற் போட்டியாளர் அவருடைய பட்டியலிலேயே நிற்கும் பழையவர். சுவரொட்டிக்குப் பணம் உள்ளவர் முந்துகிறார். ஆனால் நமக்கோ மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. ஒருவரை வீழ்த்தித்தான் மற்றவரை உயர்த்த வேண்டுமென்பதில்லை. 2024இல் மனோ கணேசன் கொழும்பில் தோற்றுத் தேசியப் பட்டியல் வழியே சபை புகுந்தார். நம் பலம் அத்துணை மெலிந்து கிடக்கிறது என்பதை உணர்வோமாக.

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோர் பழையவராயினும் புதியவராயினும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் தேர்தற் செலவுச் சட்டப்படி முடிவு வந்து 21 நாட்களுள் உண்மைக் கணக்கைக் காட்டுவீரா? ஆட்சியாளர் அழைத்தால் கட்சி தாவாதிருப்பீரா? நள்ளிரவில் நம் கதவு தட்டப்பட்டால், தொழில் நட்டப்படினும் சபையில் எழுந்து பேசுவீரா?

விடை தராதவர் கொடையாளராயிருக்கட்டும். நம் பிரதிநிதியாக வேண்டா.