'நாட்டு நாட்டு' எப்படி 'நாச்சோ நாச்சோ' ஆச்சு?

"நாடு முழுக்க ஒரே மொழி இருந்தா என்ன ப்ரோ பிரச்சினை? அர்த்தம் ஒண்ணுதானே?"

இந்திக்கு வக்காலத்து வாங்குறவங்க கமெண்ட்ல வழக்கமா கேக்குற கேள்வி. பதிலுக்கு ஒரு பாட்டு போதும் தோழர்களே.

2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'நாட்டு நாட்டு'. தெலுங்கில் சந்திரபோஸ் எழுதி, கீரவாணி இசையமைச்சது. காட்சி ஞாபகம் இருக்கா? வெள்ளைக்காரன் விருந்துல, உனக்கெல்லாம் ஆட்டம் தெரியுமான்னு ஒரு துரை நம்ம ஆளைக் கேவலப்படுத்துறான். அதுக்குப் பதில்தான் அந்த ஒத்தைச் சொல்: நாட்டு! நம்ம நாட்டுக்கோழியில இருக்கிற அதே நாட்டு. சோள ரொட்டி, மிளகாய்த் துவையல், ஊர் அம்மன் திருவிழான்னு பாட்டு முழுக்க மண் வாசனை.

தமிழில் மதன் கார்க்கி 'நாட்டுக் கூத்து' ஆக்கினார். கூத்து சேர்ந்ததும் பாட்டு நம்ம ஊருக்கே வந்துருச்சு. கன்னடத்தில் 'ஹள்ளி நாட்டு'. ஹள்ளின்னா கிராமம்.

இந்தியில்? 'நாச்சோ நாச்சோ'. அதாவது, 'ஆடுங்க ஆடுங்க'. மெட்டு அதே, ஆட்டம் அதே, சத்தம்கூட கிட்டத்தட்ட அதே. ஆனா துரைக்குச் சொன்ன பதில், அந்த 'எங்க ஊரு', பல்லவியிலேயே காணோம்!

எழுதினவங்க மேல குறை இல்ல. மெட்டுக்கும் வாயசைவுக்கும் உட்காரணும்னா ஏதோ ஒண்ணை விட்டுத்தான் ஆகணும். இந்தி ரசிகர்களும் ஆடினாங்க, சந்தோஷம். ஆனா ஒரு சொல் மொழி மாறினாலே இவ்வளவு போகுதுன்னா, ஒரு இனத்தோட மொழியையே ஓரங்கட்டினா என்னெல்லாம் போகும்?

இன்னொண்ணு. ஆஸ்கர் மேடையில அதைத் தெலுங்குலதான் பாடினாங்க. அரங்கத்துல எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? எழுந்து நின்னு கைதட்டினாங்களே! உலகத்துக்குப் போற ரூட்டு இந்தி வழியாத்தான்னு எவன் சொன்னான்?

பாட்டை டப் பண்ணினா ஒரிஜினல் பத்திரமா இருக்கும். பிடிச்சதைக் கேட்டுக்கலாம். ஆனா "தேசியக் கல்விக் கொள்கையை ஏத்துக்கோ, இல்லன்னா பள்ளிக்கூடத்துக்கு நிதி இல்லை"ன்னு ஒன்றிய அரசு மிரட்டுறது டப்பிங் இல்ல. அது ஒரிஜினல் கேசட்டை அழிச்சு, அது மேலேயே ரெக்கார்டு பண்ற வேலை.

மொழிபெயர்ப்பை வரவேற்போம். மொழித் திணிப்பை எதிர்ப்போம்.

நாங்க நாட்டு. நாட்டாவே இருப்போம்! ✊

#இந்தித்திணிப்பை_நிறுத்து
#தமிழ்_வெல்லும்

– தகவல் தொழில்நுட்ப அணி